பரம்பரையும் தொடர்பாகமும்: ‘ராக்கி 4’, ‘சார்பட்டா பரம்பரை’ – ஒப்பீட்டு நோக்கு

முன்னுரை

குத்துச்சண்டைத் திரைப்படம் தொடர்பாகத்திற்கு இயல்பாகவே இடந்தரும் வகைமையாகும். வென்றவனுக்கு அடுத்த எதிராளி தேவை. தோற்றவனுக்கு மறுபோட்டி தேவை. 1976இல் வெளிவந்த ‘ராக்கி’ 1979, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் தொடரப்பட்டது. இவற்றுள் நான்காம் பாகம் வெகுமக்கள் நினைவில் நீடித்து நிற்கிறது. தமிழில் பா. இரஞ்சித் இயக்கிய ‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலையில் இணையவழி வெளியாயிற்று. 2023 மார்ச்சில் அதன் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது. தொடர்பாகத்தின் ஈர்ப்பு எதில் நிலைகொள்கிறது என்பதையும், தமிழ்ப்படத்தின் தொடர்ச்சி எதிர்கொள்ள வேண்டிய சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எதிராளியின் சொல்லப்படாத கதை

‘ராக்கி 4’இல் அப்போலோ கிரீட் களத்திலேயே உயிரிழக்க, ராக்கி சோவியத் நாட்டிற்குச் சென்று இவான் டிராகோவுடன் மோதுகிறான். பனிவெளியில் மரம் சுமந்து பயிலும் ஒருவன், கருவிகள் சூழப் பயிலும் மற்றொருவன் என்னும் இணைக்காட்சி, பனிப்போர்க் காலத்தின் அரசியலை எளிய எதிர்வாகச் சுருக்குகிறது. இதனைப் பரப்புரை எனக் குறைகூறுதல் தகும். ஆனால், பனிப்போர் முடிந்த பின்னரும் படம் வழக்கொழியவில்லை. டிராகோ மிகக் குறைவாகவே பேசுகிறான். அவனது அகவுலகு திறக்கப்படாமல் எஞ்சுகிறது. அவ்வெற்றிடத்திலிருந்தே 2018இல் ‘கிரீட் 2’ பிறந்தது. தோல்வியால் புறக்கணிக்கப்பட்ட டிராகோ அதில் தன் மகனைப் பயிற்றுவிப்பவனாகத் திரும்புகிறான்.

‘சார்பட்டா பரம்பரை’யிலும் இத்தகைய வெற்றிடம் உண்டு. கபிலனின் முதன்மை எதிராளி வேம்புலியே எனினும், குறைந்த நேரமே தோன்றும் டான்சிங் ரோஸ் தனித்த புகழ் பெற்றான். ஆடலும் அடியும் கலந்த அவனது அசைவு, சண்டையைப் பகையிலிருந்து விடுவித்துக் கலையாக்குகிறது. அவன் எங்கிருந்து வந்தான், யாரிடம் கற்றான் என்பன பார்வையாளரின் கற்பனைக்கே விடப்படுகின்றன.

குருதியும் பயிற்சியும்

தமிழ்ப்படத்தின் கருத்தியல் மையம் ‘பரம்பரை’ என்னும் சொல்லாகும். ஆரணி போன்ற பட்டு நெசவூர்களில் இச்சொல் பெரிதும் குடும்பத்தைச் சுட்டும். தறிக்குழியின் அருகே அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு, பெரும்பாலும் அவ்வீட்டில் பிறந்த பிள்ளைக்கே எளிதில் கிட்டும். கைத்திறன் பாவோடும் ஊடையோடும் வீட்டுக்குள்ளேயே கைமாறும். படம் காட்டும் வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரையோ வாத்தியாரின் வழி அமைவது. ரங்கன் வாத்தியார் தம் மகன் வெற்றிச்செல்வனை முன்னிறுத்தாமல் பிறன் ஒருவனைத் தெரிந்தெடுப்பது இவ்வேறுபாட்டின் உச்சம். மகனின் மனக்கசப்பு, குருதியுரிமை மறுக்கப்பட்டதன் விளைவு.

கபிலனின் நிலை மேலும் சிக்கலானது. அவன் தந்தை முன்னாள் குத்துச்சண்டை வீரர், வன்முறையில் மாண்டவர். அதனாலேயே தாய் பாக்கியம் அவனைக் களத்திலிருந்து விலக்குகிறார். முறையான பயிற்சியின்றி, கண்டு கற்றவனாக அவன் களமேறுகிறான். நெசவு வீட்டின் சிறுவனும் கண்டே கற்கிறான். ஆனால் தறியருகே இடம் பிறப்பால் வாய்க்கிறது. களத்தின் ஓரத்திலோ எவரும் நின்று பார்க்கலாம். சாதிய இழிவைச் சந்திக்கும் கபிலனுக்கு இத்திறந்த வெளியே வாழ்வின் வாயில். 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதன் பின்னணியில் ரங்கன் கைதாகிறார். கபிலன் களத்திலேயே ஆடை களையப்பட்டு அவமதிக்கப்படுகிறான். ஒரே வேளையில் வாத்தியாரும் வெளியும் பறிபோவதால்தான் அவனது வீழ்ச்சி தனிமனித ஒழுக்கக்கேடாகச் சுருங்குவதில்லை.

முடிவுரை

வீழ்ச்சி, மீட்சி, மறுபோட்டி எனத் தொடர்பாகத்திற்குரிய கூறுகளை முதற்படமே பயன்படுத்திவிட்டது. எஞ்சியிருப்பவை சொல்லப்படாத எதிராளியின் கதையும், அடுத்து யாருக்குக் கற்பிப்பது என்னும் வினாவும். ‘கிரீட் 2’ மகன்களின் வழியே பழைய பகையை முடித்துவைத்தது. அவ்வழியைத் தமிழ்ப்படம் பின்பற்றினால், வாத்தியார் வழிப்பட்ட பரம்பரை மீண்டும் குருதிவழியாகிவிடும். முதற்படம் பிறப்புரிமையிலிருந்து மீட்டெடுத்த சொல்லைத் தொடர்பாகமே திரும்ப ஒப்படைத்ததாகும். கபிலன் அடுத்து யாரை வெல்கிறான் என்பதைவிட, களத்தின் ஓரத்தில் நின்று பார்க்கும் எந்தச் சிறுவனை அல்லது சிறுமியை உள்ளே அழைக்கிறான் என்பதே இரண்டாம் பாகத்தின் தகுதியைத் தீர்மானிக்கும்.