பேசாத நிமிஷத்து நடிப்பு

1938 மார்ச் 10 இரவு. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பில்ட்மோர் ஹோட்டலில் பத்தாவது ஆஸ்கர் விழா. சிறந்த நடிகைக்கான போட்டியில் ஐந்து பெயர்கள் இருந்தன. 'கமீல்' படத்துக்காக க்ரெட்டா கார்போ, 'ஸ்டெல்லா டாலஸ்' படத்துக்காக பார்பரா ஸ்டான்விக், 'தி ஆஃபுல் ட்ரூத்' படத்துக்காக ஐரின் டன், 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படத்துக்காக ஜானெட் கேனர், 'தி குட் எர்த்' படத்துக்காக லூயிஸ் ரெய்னர். விருது ரெய்னருக்குப் போயிற்று. முந்தைய ஆண்டும் அவரே வாங்கியிருந்தார். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நடிப்புக்கான ஆஸ்கரைப் பெற்ற முதல் கலைஞர் அவர்தான்.

ஐவரில் யார் சிறந்த நடிகை என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. ஐந்து பேரும் ஐந்து வழியாக வந்தவர்கள். கேனர் மௌனப் படத்தில் வளர்ந்தவர். சிறந்த நடிகைக்காக 1929-இல் வழங்கப்பட்ட முதல் ஆஸ்கரே அவருடையது. ரெய்னர், மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் ஐரோப்பிய நாடகக் குழுவில் பழகியவர். கார்போ ஸ்டாக்ஹோமின் அரச நாடகப் பள்ளி மாணவி. டன் முறையாக இசை கற்ற பாடகி. ஸ்டான்விக் எந்த நடிப்புப் பள்ளிக்கும் போகவில்லை. புரூக்ளினில் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்து, பதின்ம வயதில் நியூயார்க் மேடைகளில் கூட்டத்தோடு ஆடிப் பிழைத்தவர். நெல்லையும் எண்ணெயையும் ஒரே படியால் அளக்க முடியாது.

ஆனாலும் ஓர் உரைகல் உண்டு. மனசில் எழுவது உடம்பில் தெரிவதைத் தமிழ் இலக்கணம் மெய்ப்பாடு என்றது. காமிரா அதை ஒரு முழத் தூரத்திலிருந்து பார்க்கிறது. வசனம் பேசும்போது எவரும் ஓரளவு நடித்துவிடலாம். எதிரில் இருப்பவர் பேசும்போது, அல்லது யாருமே பேசாதபோது, அந்த முகத்தில் என்ன நடக்கிறது? பழைய ஹாலிவுட் நடிகைகளை ஒப்பிட இதைவிட நேர்மையான வழி இல்லை.

வேர் மௌனப் படத்தில் இருக்கிறது. டி. டபிள்யூ. கிரிஃபித்தின் 'ப்ரோக்கன் ப்ளாஸம்ஸ்' 1919-இல் வந்தது. லிலியன் கிஷ் அதில் குத்துச்சண்டைக்காரத் தகப்பனிடம் அடிபட்டே வளரும் சிறுமி லூசி. 'சிரி' என்று அவன் மிரட்டுகிறான். அவளுக்குச் சிரிப்பு வராது. இரண்டு விரல்களால் வாயின் இரு ஓரங்களையும் மேலே தள்ளிப் பிடிக்கிறாள். உதடு சிரிக்கிறது, கண்ணில் கிலி அப்படியே நிற்கிறது. பின்னர் அவள் ஓர் அலமாரி அறைக்குள் ஒளிந்துகொள்ள, அவன் கோடரியால் கதவைப் பிளக்கிறான். அந்தச் சிறிய இடத்துக்குள் பொறியில் சிக்கிய எலி மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறார் கிஷ். ஒலியே இல்லாத படத்தில் அந்த அலறல் காதில் விழுகிறது. மறு ஆண்டு 'வே டவுன் ஈஸ்ட்' படத்துக்காக வெர்மான்ட்டில் உறைந்த ஆற்றின் பனிப்பாளத்தில் படுத்தார். கூந்தலும் ஒரு கையும் பனித்தண்ணீரில் இழுபடட்டும் என்பது அவரே சொன்ன யோசனை. அந்தக் கைவிரல்களின் பாதிப்பு கடைசிவரை போகவில்லை என்று பின்னாளில் அவர் சொன்னார். கை தட்டத் தோன்றும் அர்ப்பணிப்புதான். ஆனால் அவர் கலையின் உச்சம் பனியில் இல்லை, அந்த இரண்டு விரல்களில் இருக்கிறது.

கிஷ் உடல் முழுவதையும் வைத்து நடித்தவர் என்றால், கார்போ உடலை அடக்கி நடித்தவர். 1930-இல் 'அன்னா கிறிஸ்டி' வந்தபோது 'கார்போ பேசுகிறார்' என்பதே விளம்பரமாக இருந்தது. ஆனால் அவரை நினைத்தால் முதலில் வருவது பேசாத ஒரு காட்சி. 'குயீன் க்ரிஸ்டினா' 1933. அரியணையைத் துறந்து, காதலனையும் பறிகொடுத்த அரசி, கப்பலின் முனையில் நிற்கிறாள். காமிரா மெல்ல நெருங்கி முகத்தில் நிற்கிறது. இமைகூட அசையவில்லை. இயக்குநர் ரூபன் மமூலியன் அவரிடம் எதையும் நினைக்க வேண்டாம், முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லியிருந்தார். பார்ப்பவர் தன் துக்கத்தை அந்த முகத்தில் தானே எழுதிக்கொள்கிறார். வெறுமையான முகம் யாருக்கும் வாய்க்கலாமே என்று தோன்றலாம். வாய்க்காது. அந்த வெறுமைக்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும் அவர் சேர்த்து வைத்த பாரம்தான் அங்கே பேசுகிறது. 1941-இல் 'டூ-ஃபேஸ்டு வுமன்' வந்தபோது அவருக்கு 36 வயது. அதன் பிறகு அவர் நடித்த படம் எதுவும் வரவில்லை.

பேசும்படம் வந்த பிறகு நாடக மேடையின் செல்வாக்கு ஓங்கியது. அந்தக் கிளையின் பெரிய பெயர் பெட்டி டேவிஸ். நியூயார்க்கில் நடிப்புப் பள்ளியில் படித்தபோது மார்த்தா கிரஹாமிடம் உடல் அசைவு கற்றவர். அவர் படிக்கட்டில் இறங்கும் விதத்தில் அந்தப் பாடம் தெரியும். அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலை அவருக்கு இல்லை. அந்தக் காலத்து ஸ்டூடியோ நடிகைக்கு அது பெரிய துணிச்சல். 1934-இல் 'ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்' படத்தில் நோய் தின்ற பெண்ணாக வந்தபோது ஒப்பனையைத் தானே போட்டுக்கொண்டு முகத்தைச் சிதைத்துக்கொண்டார். அந்த நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைக்காததால் எழுந்த கூச்சலில், பட்டியலில் இல்லாத பெயரையும் வாக்குச்சீட்டில் எழுதலாம் என்று அகாடமி அந்த ஆண்டு விதியையே தளர்த்தியது.

டேவிஸ் மிகையாக நடிப்பவர் என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு. அப்படிச் சொல்பவர்களுக்கு 'தி லிட்டில் ஃபாக்ஸஸ்' போதும். 1941, இயக்கம் வில்லியம் வைலர். இதய நோயாளியான கணவன் மருந்துப் புட்டியைத் தவறவிடுகிறான். மாடியில் இருக்கும் இன்னொரு புட்டியை எடுத்துவரச் சொல்லிக் கெஞ்சுகிறான். மனைவி ரெஜினா நாற்காலியை விட்டு எழவில்லை. அவன் தள்ளாடிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய்ப் படிக்கட்டில் விழுகிறான். முன்னும் பின்னும் ஒரே தெளிவில் காட்டுவதில் மன்னரான ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட், அந்த ஷாட்டில் பின்னணியை வேண்டுமென்றே மங்கலாக விட்டார். திரையில் தெளிவாக இருப்பது டேவிஸின் முகம் ஒன்றுதான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்கள் விரிந்து முன்னே நிலைகுத்தி நிற்க, காதுகள் மட்டும் பின்னால் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு கொலையே நடந்து முடிகிறது, விரல் நுனிகூட அசையாமல். அந்தப் படத்தின்போது வைலரும் டேவிஸும் ஒப்பனையிலிருந்து பாத்திரத்தின் குணம் வரை எல்லாவற்றுக்கும் மோதிக்கொண்டார்கள். அதற்குப் பின் சேர்ந்து வேலை செய்யவே இல்லை.

நகைச்சுவைக் கிளையை விருதுக் குழுக்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிட்டன. அழவைப்பதைவிடச் சிரிக்கவைப்பது கடினம் என்பது எந்த நடிகருக்கும் தெரியும். கரோல் லொம்பார்ட், மாக் சென்னெட்டின் குறும்படங்களில் விழுந்து எழுந்து பழகியவர். 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யில் (1940) ரோசலிண்ட் ரஸ்ஸல் எதிராளி வாக்கியத்தை முடிக்கும் முன்பே தன்னுடையதைத் தொடங்கிவிடுவார். ஒரு சொல் பிசகினாலும் முழுக் காட்சியும் சரிந்துவிடும். கல்லூரிப் படிப்பும் மேடைப் பழக்கமும் கொண்ட காதரின் ஹெப்பர்னுக்கே 'பிரிங்கிங் அப் பேபி' படத்தில் தொடக்கத்தில் இது பிடிபடவில்லை. சிரிக்கவைக்க முயன்றுகொண்டே இருந்தார். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், வால்டர் காட்லெட் என்ற பழம்பெரும் நகைச்சுவை நடிகரை வரவழைத்து, சிரிக்கவைக்க முயலாமல் இருப்பது எப்படி என்று அவருக்குக் காட்டச் சொன்னார். ஹெப்பர்ன் மொத்தம் நான்கு ஆஸ்கர்கள் வாங்கினார். நடிப்புக்கு வேறு யாரும் அத்தனை வாங்கியதில்லை. ஆனாலும் எந்தப் பாத்திரத்திலும் அவர் ஹெப்பர்னாகவே இருந்தார். அது குறையல்ல, ஒரு வகை. கூடுவிட்டுக் கூடு பாய்கிறவர்களோடு அவரை ஒப்பிடும்போதுதான் தவறு நேர்கிறது.

1951-இல் இரண்டு பள்ளிகள் ஒரே படத்தில் நேருக்கு நேர் நின்றன. படம், எலியா கஸானின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிஸையர்'. 1947-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ஆக்டர்ஸ் ஸ்டூடியோவின் நிறுவனர்களில் கஸானும் ஒருவர். ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் வழியில், பாத்திரத்தின் உணர்ச்சியை நடிகர் தனக்குள்ளிருந்தே தோண்டி எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. மார்லன் பிராண்டோ, கிம் ஹன்டர், கார்ல் மால்டன் மூவரும் நியூயார்க் மேடையில் இதே நாடகத்தை நடித்துத் தேர்ந்தவர்கள். அவர்கள் நடுவே டார்ஜிலிங்கில் பிறந்து, லண்டனின் அரச நாடகக் கழகத்தில் படித்த விவியன் லீ. அவர் நாயகி பிளான்ஷின் இதே பாத்திரத்தை லண்டனில் கணவர் லாரன்ஸ் ஒலிவியேயின் இயக்கத்தில் வேறு விதமாக நடித்துப் பழகியிருந்தார். கஸானோடு முதலில் உரசல். ஆனால் படத்தைப் பாருங்கள்: பிளான்ஷ் எப்போதும் ஒரு நாடகம் ஆடிக்கொண்டிருக்கும் பெண். லீயின் மெருகேறிய மேடைக் குரல், பிராண்டோவின் முணுமுணுப்புக்கு எதிரே, உடையப்போகும் கண்ணாடி மாதிரி ஒலிக்கிறது. பள்ளிகளின் மோதலே பாத்திரங்களின் மோதலாக மாறிவிட்டது. லீ, ஹன்டர், மால்டன் மூவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது, பிராண்டோவுக்கு இல்லை.

புதிய பள்ளியின் பெண்களைப் பற்றிப் பேசும்போது பலரும் பிராண்டோவின் பெயரையே சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' (1954) படத்தின் பூங்காக் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். ஈவா மேரி செயின்ட் கையுறையைத் தவறவிடுகிறார். பிராண்டோ எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொள்கிறார். எல்லோரும் பாராட்டுவது அவரை. ஆனால் அவளுக்கு விலகிப் போக வேண்டும், கையுறை அவனிடம் இருக்கிறது. கேட்கவும் கூச்சம், விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. அந்தத் தத்தளிப்பு செயின்ட்டின் முகத்தில் இல்லையென்றால் பிராண்டோ செய்தது வெறும் விளையாட்டு. செயின்ட்டுக்கு அது முதல் படம்.

ஒப்பீடு என்று உட்காரும்போது யாருக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ரெய்னருக்கு விருது வாங்கித் தந்த 'தி குட் எர்த்' பாத்திரம் ஒரு சீனக் குடியானவப் பெண். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங் அதற்கு ஆசைப்பட்டார். கணவன் வேடம் வெள்ளை நடிகர் பால் முனிக்குப் போனதால், கலப்பு மணத்தைத் தடுத்த அக்காலத் தணிக்கை விதி குறுக்கே வந்தது. கெட்ட பெண்ணின் வேடத்தைத் தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். ஹாட்டி மெக்டானியல் 1940 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். விழாவில் அவரைச் சுவரோரம் தனி மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். 'கான் வித் தி விண்ட்' படத்தில் ஒலிவியா டி ஹாவிலண்டோடு மாடிப்படி ஏறிக்கொண்டே, அந்த வீட்டில் குழந்தை இறந்த பிறகு நடந்ததையெல்லாம் அழுகையோடு சொல்லி வரும் காட்சி ஒன்று உண்டு. மூச்சு, படி, சொல், கண்ணீர் நான்கும் ஒரே தாளத்தில் போகும். அதற்குப் பின்னும் அவருக்குப் பெரும்பாலும் வேலைக்காரி வேடங்களே வந்தன.

மறுபடி ஸ்டான்விக். இயக்குநர் ஃபிராங்க் காப்ரா 1930-இல் அவரை வைத்துப் படமெடுத்தபோது ஒன்றைக் கண்டுகொண்டார். முதல் டேக்கிலேயே அவர் முழுவதையும் கொட்டிவிடுவார், அடுத்தடுத்த டேக்குகளில் அது வடிந்துவிடும். அதனால் மற்றவர்களை மட்டும் வைத்து ஒத்திகை பார்த்து, ஸ்டான்விக்கை நேரே காமிரா முன் கொண்டுவந்தார். 'ஸ்டெல்லா டாலஸ்' படத்தில் ரயில் பெர்த்தில் படுத்திருக்கும் தாயின் காதில், மகளின் தோழிகள் அவளைக் கேலி பேசுவது விழுகிறது. மகளுக்கும் அது கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எனவே தூங்குவது போல் கிடக்கிறாள். மூடிய கண்களோடு ஒரு பெண்ணின் மானம் உடைவதைக் காட்ட வேண்டும். காட்டினார். 1944-இல் பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிடி'. காருக்குள் பக்கத்து இருக்கையில் கணவன் கொல்லப்படுகிறான். காமிரா அங்கே போகாமல் ஓட்டும் மனைவியின் முகத்திலேயே நிற்கிறது. சாலையைப் பார்க்கும் கண்களில், மெல்ல, ஒரு நிறைவு பரவுகிறது. ஏழே ஆண்டு இடைவெளியில் அந்தத் தாயும் இந்தக் கொலைகாரியும் ஒரே நடிகை. நடுவில் 'தி லேடி ஈவ்' படத்தில் சிரிப்பையும் அள்ளிக் கொடுத்துவிட்டார்.

கிஷ்ஷின் உடல், கார்போவின் அடக்கம், டேவிஸின் துணிச்சல், லொம்பார்ட்டின் வேகம் எல்லாவற்றிலும் கொஞ்சம் ஸ்டான்விக்கிடம் இருக்கிறது. பழைய ஹாலிவுட்டில் முதலிடம் அவருக்கே.

1938-இன் அந்த ஐவரில் கார்போவுக்கு 1955-இல் கௌரவ ஆஸ்கர் தந்தார்கள். அவர் வாங்க வரவில்லை. நான்கு முறை போட்டியிட்டு நான்கு முறையும் தோற்ற ஸ்டான்விக்குக்கு 1982-இல் கொடுத்தார்கள். அவர் வந்து வாங்கிக்கொண்டார். ஐந்து முறை போட்டியிட்ட ஐரின் டன் 1990-இல் இறந்தார். அவருக்கு ஆஸ்கர் எந்த வடிவிலும் கிடைக்கவில்லை. 'தி ஆஃபுல் ட்ரூத்' இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அதை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.