அடிவானம் இல்லாத ஊரின் படங்கள்

ஆதர்ஸ் சீட் காட்சிமுனையில் நின்று கண்டியைப் படமெடுக்காத கெமராக்காரர் குறைவு. கீழே, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டுவித்த வாவி. அக்கரையில் தலதா மாளிகை. அதன் பின்னே உடவத்தகலைக் காடு. இடப்புறக் குன்றில் பஹிரவகந்த வெள்ளைப் புத்தர். சட்டத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து, கோடுகள் வெட்டும் புள்ளியில் முக்கியமானதை வைக்கச் சொல்லும் மூன்றிலொரு பங்கு விதி இங்கே நன்றாகவே பலிக்கிறது. மாளிகையை ஒரு புள்ளியில் வைத்து, மறுபக்கம் வெறும் நீரை விட்டுவிட்டால் போதும். கரும்பச்சைக்கு முன்னால் நிற்பதால் அந்தச் சிறிய வெண்மை மொத்த நீர்ப்பரப்புக்கும் ஈடுகொடுக்கிறது. படத்தில் ஒரு பொருளின் கனத்தை அதன் அளவைவிட வெளிச்சமே தீர்மானிக்கிறது என்பதைப் புதிதாகக் கற்பவருக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் மூன்றிலொரு பங்கு விதிக்கு 1797இல் பெயர் சூட்டிய ஜோன் தோமஸ் ஸ்மித் ஓர் ஆங்கில ஓவியர்; சமதரையும் விரிந்த வானமும் அவருக்குப் பழக்கமானவை. கண்டியோ மலைகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளம். அடிவானக் கோடே இல்லை. மேல் மூன்றிலொரு பங்கை வானத்துக்கு ஒதுக்கினால், மழைக்காலத்தில் அங்கே வெளிறிய மூட்டத்தைத் தவிர எதுவும் விழாது.

கண்டியை ஒட்டிய ஹந்தானை மலைச் சரிவில் சிக்கல் இன்னும் கூடுகிறது. தேயிலை நிரைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய, பார்ப்பவரின் கண் படத்தின் மூலைக்கு வழுக்கிப் போகிறது. அப்போது பலரும் நிழல்மரம் ஒன்றைத் தேடி நிறுத்திக்கொண்டு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தைப் படத்திலிருந்து வெட்டி எறிகிறார்கள். தகரக்கூரை பளபளத்துக் கண்ணைப் பிடுங்குகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணத்தில் பிழையில்லை, முடிவுதான் தவறு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட நாள்தொட்டு இந்த மலைகளுக்கு உருக்கொடுத்த கைகள் குடியிருப்பது அந்தக் கூரைகளுக்குக் கீழேதான். ஆளில்லாப் பச்சையை அழகென்று காட்டும் படம் எனக்குப் பொய்யாகவே படுகிறது.

கலைக்கணக்கிலும் அது நட்டம். வெயில் ஏறுமுன், மேகம் மூடிய காலையில் தகரம் மினுங்காது. சாம்பல் நிறமாக அடங்கிவிடும். மண்ணை வெட்டிச் சமன்படுத்திக் கட்டிய லயத்தின் நீண்ட கூரைதான் அந்தச் சரிவில் கிடைக்கும் ஒரே கிடைக்கோடு. கண்டி தர மறுக்கும் அடிவானத்தை அது தருகிறது.