ஆட்சித் தலைவரின் நாட்பதிவேடு: களனும் காலமும் எச்சமும்

1. முன்னுரை

வரலாற்றுக்கு மூலமாக அமையும் எழுத்துகளை, அவை தரும் செய்திக்காகவே நாம் பெரிதும் நாடுகின்றோம். அவற்றை ஓர் எழுத்து வகையாகக் கொண்டு, அவற்றின் அமைப்பையும் நடையையும் ஆராய்வது அரிது. கல்வெட்டிற் காணும் மெய்க்கீர்த்தி மன்னன் புகழை நிலைநாட்டப் பொறிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்போ, புதுச்சேரி ஆளுநரின் அருகிருந்த துபாஷி ஒருவர் 1736 முதல் 1761 வரை தம் விருப்பும் வெறுப்பும் தோன்ற எழுதிவைத்தது. முன்னதில் ஆள்வோனின் புகழ் பேசுகின்றது. பின்னதில் அருகிருந்தோன் பேசுகின்றான். இவ்விரண்டினும் வேறாய மூன்றாவது வகை ஒன்று இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வளர்ந்தது. குடியரசுத் தலைவர் ஒரு நாளில் எங்கிருந்தார், எந்நேரத்தில் யாரைக் கண்டார், யாரோடு தொலைபேசியிற் பேசினார் என்பவற்றை நிமிடக் கணக்கிற் பதிந்துவைக்கும் நாட்பதிவேடே அது. அதில் யாரும் பேசுவதில்லை.

பேச்சில்லாத எழுத்தில் ஆராய்வதற்கு என்ன உளது என்று வினவலாம். இப்பதிவேடுகள் வெறும் நேரப்பட்டியல்கள், பிற சான்றுகளின் நாளையும் பொழுதையும் சரிபார்க்க மட்டுமே உதவுவன எனக் கருதுவாரும் உளர். அக்கருத்து முழுதும் பொருந்தாது என்பதும், பட்டியலின் வறட்சியே அதன் சான்றாண்மைக்கு அடிப்படை என்பதும், அது கூறாது விடும் இடங்களை முறையறிந்து படித்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

2. பதிவேட்டின் அமைப்பு

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் காலத்திலேயே வெள்ளை மாளிகையின் வாயிற்பணியாளர் வைத்திருந்த வருகைக் குறிப்பும், சுருக்கெழுத்தாளர் வைத்திருந்த குறிப்பும் உண்டு. பிற்காலத்தில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தார் இவற்றை இணைத்தே அவருடைய நாள்களை வரிசைப்படுத்தினர். லிண்டன் ஜான்ஸன் காலத்தில் அவருடைய செயலர்கள் பதிவேட்டைத் தட்டச்சிட்டனர். தம் கண்ணிற் பட்டவற்றையும் இடையிடையே அதிற் சேர்த்தனர். ரிச்சர்டு நிக்ஸன் காலத்தில் இவ்வடிவம் முழுமை பெற்றது. அவருடைய பதிவேட்டின் ஒவ்வொரு தாளிலும் நாள் தொடங்கிய இடம், தேதி, கிழமை ஆகியவை தலைப்பில் உள்ளன. அதன்கீழ், தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் ஒரு நிரலில். தொலைபேசியாயின் தலைவர் அழைத்ததா, அவருக்கு வந்ததா என்பதற்கு ஓரெழுத்துக் குறி மற்றொரு நிரலில். நிகழ்ச்சி என்ன என்பது இறுதி நிரலில். பலர் கூடிய கூட்டமாயின் வந்தோர் பட்டியல் பின்னிணைப்பாகத் தொடர்கின்றது.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளைக் கொண்டு நோக்கின் இவ்வடிவத்தின் இயல்பு விளங்கும். செய்யுளுக்குரிய அவ்வுறுப்புகளை அரசாங்கத் தாளுக்கு விதியாக்குவது நம் கருத்தன்று. அவற்றை ஆய்வுக் கருவியாக மட்டுமே ஈண்டுக் கொள்கின்றோம். பதிவேட்டிற் களன் உண்டு. காலம் நிமிடம் பிசகாமல் உண்டு. கேட்போர் இன்னார் என்ற பெயர்ப்பட்டியலும் உண்டு. ஆயின் கூற்று இல்லை, மெய்ப்பாடு இல்லை, பயனும் வெளிப்படையாக இல்லை. ஒரு நாடகத்தின் அரங்கக் குறிப்புகள் அனைத்தையும் வைத்துக்கொண்டு, உரையாடலை மட்டும் நீக்கிவிட்டாற்போன்ற எழுத்து இது.

3. தொகுத்தாரும் தொகுப்பித்தாரும்

இப்பதிவேட்டை ஒருவர் உடனிருந்து எழுதியதாக எண்ணுதல் பிழை. மாளிகையின் தொலைபேசி இணைப்பாளர், வாயிற்பணியாளர், மெய்க்காவலர், நேர்காணல்களை ஒழுங்குசெய்யும் செயலர் எனப் பலர் தத்தம் அலுவலுக்காக எழுதிய துண்டுக் குறிப்புகளே இதன் மூலம். அவற்றை ஒப்பிட்டு ஒருமுகப்படுத்தியவர் பிறிதொருவர். நிக்ஸன் காலத்தில் இப்பணியைச் செய்தோர் தேசிய ஆவணக் காப்பகத்தைச் சார்ந்த பணியாளர் என்பது குறிக்கத்தக்கது. ஆதலின் இது தொகைநூல், தனிநூல் அன்று.

தொகைநூல் என்றவுடன் நமக்கு இயல்பாக எழும் வினா, தொகுத்தார் யார், தொகுப்பித்தார் யார் என்பது. ஐங்குறுநூற்றைப் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் தொகுத்தார். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை தொகுப்பித்தார் என அறிகின்றோம். அங்குத் தொகுப்பித்தவன் மன்னனாயினும், தொகையின் பொருள் அகம். அவனுடைய அன்றாடச் செயல்கள் அல்ல. நாட்பதிவேட்டிலோ தொகுப்பித்தவரே தொகையின் பொருளும் ஆவார். எவருடைய செயல்களைப் பதிதல் வேண்டுமோ, அவருடைய மாளிகையிலேயே, அவருக்குக் கீழ்ப்பட்டோரே பதிகின்றனர். இவ்வடிவத்தின் வலிமையும் மென்மையும் இந்நிலையிலிருந்தே தோன்றுகின்றன.

வலிமை யாதெனின், துண்டுக் குறிப்பு எழுதிய எவருக்கும் முழுக்கதை தெரியாது என்பதாகும். தொலைபேசி இணைப்பாளர் அழைப்பின் நேரத்தை அறிவார். அதன் உட்பொருளை அறியார். அறியாமையால் அவருக்குத் திரித்தற்கு ஏதுவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் எழுத்தைப் படிக்கும்போது அவர் எதனை விரும்பினார், யாரை வெறுத்தார் என்று கணித்து விலக்க வேண்டியுள்ளது. இங்கு அத்தொல்லை மிகக் குறைவு. மென்மை யாதெனின், துண்டுக் குறிப்பு வாராதொழியின் தொகுப்பாளர் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதாகும். அவர் தாம் காணாத ஒன்றைப் புனைதல் இயலாது.

4. நடை

பதிவேட்டின் நடையில் அடைமொழிகள் இல்லை. சந்தித்தார், பேசினார், சென்றார், திரும்பினார் என்னும் சில வினைகளே ஆயிரக்கணக்கான தாள்களிலும் மீண்டும் மீண்டும் வருகின்றன. போர் தொடங்குவதற்கும் உணவுண்பதற்கும் ஒரே வாக்கிய அமைப்பே. இச்சமநிலை குலையும் இடம் ஒன்றைச் சுட்டலாம். 1969 சூலை 20 அன்று இரவு 11.45 முதல் 11.50 வரை, நிலவில் இறங்கியிருந்த ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின் ஆகியோருடன் நிக்ஸன் தொலைபேசியிற் பேசினார். அவ்வுரையாடலைப் பதிவேடு 'கோள்களுக்கு இடைப்பட்டது' என்ற அடையோடு குறிக்கின்றது. நிலவு கோள் அன்று, துணைக்கோள். எப்பொழுதும் அடைமொழி தவிர்க்கும் ஏடு, வியப்பு மேலிட்டு ஒன்றைச் சேர்த்த இடத்திலேயே செய்தியில் வழுவியது. வறண்ட நடைக்கும் மெய்ம்மைக்கும் உள்ள தொடர்பை இதனினும் தெளிவாக விளக்குவது அரிது.

மெய்ப்பாடு இல்லை என்றோம். ஆயினும் அது முற்றும் மறைந்துவிடுவதில்லை. 1970 ஏப்ரல் 30 அன்று கம்போடியாவிற் படைகள் நுழைந்ததை நிக்ஸன் அறிவித்தார். மே 4 அன்று கெண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மே 8 இரவு தலைநகரில் எதிர்ப்பாளர் திரண்டிருந்தனர். அவ்விரவுக்குரிய தாள்களில் ஏறத்தாழ ஐம்பது தொலைபேசி அழைப்புகள் அடுத்தடுத்து வருகின்றன. ஹென்றி கிஸிஞ்சரின் பெயர் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றது. நள்ளிரவு கடந்தும் அழைப்புகள் நிற்கவில்லை. விடியுமுன் அவர் லிங்கன் நினைவகத்துக்குச் சென்று மாணவரோடு பேசினார். பின்னர்க் காங்கிரஸ் மாளிகைக்குச் சென்றார். அதன்பின் மேபிளவர் உணவகத்திற் காலையுணவு கொண்டார். 'உறக்கமின்றித் தவித்தார்' என்று பதிவேடு கூறவில்லை. நேரங்களின் நெருக்கமே அத்தவிப்பைக் காட்டிவிடுகின்றது. எழுதுவோர் கருதாத மெய்ப்பாடு எண்களின் அடுக்கிற் பிறக்கின்றது.

5. எச்சம்

சொல்லாலோ குறிப்பாலோ முடித்துக்கொள்ளுமாறு விடப்பட்ட பொருளை எச்சம் என்பர். நாட்பதிவேட்டின் எச்சங்கள் இருவகைப்படும். நிகழ்ச்சி பதியப்பட்டு அதன் உள்ளீடு பதியப்படாமை ஒன்று. நிகழ்ச்சியே பதியப்படாமை மற்றொன்று. இவற்றை ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது.

முதல்வகைக்கு 1972 சூன் 20 ஆம் நாளைக் காட்டலாம். வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துட் புகுந்தோர் பிடிபட்டு மூன்று நாள்களே கழிந்திருந்தன. அன்று முற்பகல் 11.26 முதல் 12.45 வரை நிக்ஸனும் அவருடைய தலைமை உதவியாளர் ஹால்ட்மனும் உரையாடினர். அவ்வுரையாடல் ஒலிநாடாவிலும் பதிவாகியிருந்தது. ஆனால் அதிற் பதினெட்டரை நிமிடங்கள் அழிந்துள்ளன. நீதிமன்றத்தின் பொருட்டு நாடாவை ஆராய்ந்த வல்லுநர் குழு, ஐந்து முறைக்குக் குறையாமல் தனித்தனியே அழிக்கப்பட்டது என 1974இல் முடிவு கூறியது. அதே நாள் மாலை 6.08 முதல் 6.12 வரை, தேர்தற் பணிகளுக்குத் தலைமை தாங்கிய ஜான் மிட்செலுடன் நிக்ஸன் தொலைபேசியிற் பேசினார். அதற்கு ஒலிநாடாவே இல்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு இணையாத தொலைபேசியிலிருந்து பேசியமையே காரணம் என்றனர்.

இவ்விரண்டு உரையாடல்களும் தனி அரசு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்டு காக்ஸ் 1973 சூலையில் விடுத்த ஆணையில், நேரத்தோடு குறிப்பிட்டுக் கேட்கப்பட்ட ஒன்பதனுள் அடங்கியவை. இன்ன நாள், இன்ன நேரம், இன்னாருடன் என்று சுட்டிக் கேட்டல், அன்றாடப் பதிவு இருந்தாலன்றி இயலாது. ஒலியைப் பதிந்த கருவி பொய்த்தது. நேரத்தைப் பதிந்த தாள் பொய்க்கவில்லை. என்ன பேசினர் என்பதைத் தாள் கூறமாட்டாது. பேசினர் என்பதை மறுக்கவும் அது இடங்கொடாது. அவ்வளவே அதன் எல்லை. அவ்வெல்லைக்குள் அது உறுதியானது. உள்ளீட்டை அறிய ஹால்ட்மன் தம் கையால் எழுதிய குறிப்புகள் சிறிது துணைசெய்கின்றன. அவை வாட்டர்கேட் பற்றிப் பேச்சு நிகழ்ந்ததைக் காட்டுவன. எச்சத்தை ஆய்வாளர் தம் ஊகத்தால் முடித்தல் தகாது. பிறிதொரு சான்றே அதனை முடித்தல் வேண்டும்.

இரண்டாம் வகைக்கு 2021 சனவரி 6 ஆம் நாள் சான்று. அன்று பிற்பகல், தேர்தல் முடிவை உறுதிசெய்யக் கூடியிருந்த காங்கிரஸ் மாளிகையுள் கூட்டம் வன்முறையாகப் புகுந்தது. அன்றைய தலைவர் டொனால்டு டிரம்பின் நாட்பதிவேட்டிற் பிற்பகல் 1.21 முதல் 4.03 வரை ஒரு செய்தியும் இல்லை என்பதை, அந்நிகழ்ச்சியை ஆராய்ந்த கீழவைக் குழு 2022 சூலையில் வெளிப்படுத்தியது. இரண்டு மணி நாற்பத்திரண்டு நிமிடம் தாள் வெறுமையாக உள்ளது. அவ்வேளையில் அவர் உணவறையிலிருந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார் எனப் பணியாற்றியோர் சான்று பகர்ந்தனர். தலைவருடன் அப்பிற்பகல் தொலைபேசியிற் பேசியதாகக் காங்கிரஸ் உறுப்பினர் சிலரே கூறியுள்ளனர்.

1972இல் நாடாவின் இடைவெளியைப் பதிவேடு சூழ்ந்து நின்று எல்லை வகுத்தது. 2021இற் பதிவேடே இடைவெளியாயிற்று. அதனைச் சூழ்ந்து எல்லை வகுத்தவை மாந்தரின் வாய்மொழிகள். ஈண்டு ஆய்வாளர் இரண்டு பிழைகளைத் தவிர்த்தல் வேண்டும். பதிவில்லாமையால் ஒன்றும் நிகழவில்லை என்பது முதற்பிழை. பதிவில்லாமையே குற்றத்துக்குச் சான்று என்பது இரண்டாம் பிழை. வெற்றிடம் தன்னளவில் ஒன்றனையே நிறுவும்: துண்டுக் குறிப்பு தொகுப்பாளரிடம் வந்து சேரவில்லை என்பதை. ஏன் வரவில்லை என்பது தனி வினா. அதற்கு விடை, எழுதியோரையும் எழுதாதாரையும் வினவிப் பெறவேண்டியது.

ஆயினும் இவ்வெற்றிடம் நம் கண்ணிற் படுவதற்கே பதிவேட்டின் வடிவம் காரணம் என்பதை மறத்தலாகாது. மெய்க்கீர்த்தி கூறாது விட்ட தோல்விகள் அதன் சீரான ஓட்டத்தில் மறைந்துபோகின்றன. தனியொருவரின் நாட்குறிப்பில் ஒரு நாள் விடுபடின், எழுதியவர் நோயுற்றார் எனவும் கொள்ளலாம். நிமிடந்தோறும் நிரல் அமைத்த தாளில் விடுபாடு தானே வெளிப்பட்டு நிற்கின்றது.

6. உடைமை

இப்பதிவேடு யாருடையது என்னும் வினா ஆய்வுக்குப் புறம்பானதன்று. 1974 வரை தலைவரின் ஆவணங்கள் அவருடைய சொந்த உடைமையாகவே கருதப்பட்டுவந்தன. நிக்ஸன் பதவி விலகிய பின், அவ்வாண்டு திசம்பரில், அவருடைய நாடாக்களையும் தாள்களையும் அரசின் காவலில் வைக்கக் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றியது. 1978இல் இயற்றிய பொதுச்சட்டம், 1981 சனவரி 20 முதல் தலைவரின் ஆவணங்கள் மக்களின் உடைமை என்றாக்கியது. தலைவர் தமக்கென எழுதும் நாட்குறிப்பை அச்சட்டம் அவருக்கே விட்டுவிட்டது. அலுவல்முறைச் செயல்கள் போதிய அளவு பதியப்படல் வேண்டும் என்றது. தனி நாட்குறிப்பும் நாட்பதிவேடும் வேறு வேறு எழுத்து வகைகள் என நாம் மேலே இலக்கிய நோக்கிற் பகுத்தது, இவ்வாறு சட்ட நோக்கிலும் பகுக்கப்பட்டுள்ளது. 2022 சனவரியில் டிரம்ப் தம் ஆவணங்களைக் குழுவிடம் தரலாகாது எனத் தடைவேண்டியபோது உச்ச நீதிமன்றம் அதனை மறுத்தமைக்குப் பின்னணியாக நின்றதும் இவ்வுடைமை மாற்றமே.

எனினும் சட்டம் தாளைக் காக்குமேயன்றி, எழுதப்படாததை எழுதுவிக்க அதற்கு வன்மை குறைவு. பதியவேண்டும் என்னும் கடமையை நிறைவேற்றுவோர், பதியப்படுவோரின் கீழ்ப் பணியாற்றுவோரே.

7. முடிவுரை

நாட்பதிவேடு புகழ்ச்சியும் அன்று. சாட்சியின் கதையும் அன்று. களனையும் காலத்தையும் காத்து, கூற்றைப் பிறர்க்கு விட்டுவைக்கும் தொகை அது. அதன் வறட்சி அதற்கு வலிமை தருகின்றது. அடைமொழி புகுந்த இடத்தில் அது தளர்கின்றது. அதன் எச்சங்களுள் உள்ளீடு விடுபட்டவற்றைப் பிற சான்றால் முடித்தலும், நிகழ்ச்சியே விடுபட்டவற்றை வெற்றிடமாகவே கொண்டு காரணம் நாடுதலும் ஆய்வு நெறி. ஏடுகளில் இழந்த பாடல்களின் இடத்தை வெற்றாகவே விட்டுப் பதிப்பித்த நம் பதிப்பாசிரியர் மரபும் இந்நெறியையே நமக்குக் கற்பித்துள்ளது. ஆள்வோரின் ஒரு பிற்பகலை நாளை அறியவேண்டுமாயின், இன்று ஒரு பணியாளர் நேரத்தைக் குறித்தல் வேண்டும். குறிக்க அவர் விடப்படுதலும் வேண்டும்.