உள்பக்கத் தையல்

எங்கப்பா ஒரு தையல் கடையில் காஜா எடுத்தவர். காஜா எடுப்பார், பட்டன் கட்டுவார், ஓரம் மடித்து அடிப்பார். துணி வெட்டவும் அவருக்குத் தெரியும். ஆனால் அளவெடுக்க விடமாட்டார்கள். ஊர்த்தெருக்காரன் உடம்பில் அவர் டேப் வைக்கக்கூடாது, அவ்வளவுதான். முதலாளி அளந்து நோட்டில் குறிப்பார், அப்பா உள்ளே உட்கார்ந்து தைப்பார். வேறு எவர் தைத்த சட்டை கையில் கிடைத்தாலும் அதை உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். 'வெளிய எவன் வேணா அழகு காட்டிருவான், உள்ள பாருடா' என்பார். பழங்கால உடுப்புகளைத் தாமே தைத்து மாட்டிக்கொள்ளும் அமெரிக்கப் பொழுதுபோக்கைப் பற்றி எழுத உட்காரும்போது இந்தப் பேச்சுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அடிமைமுறையைக் காப்பாற்றத் தென்மாநிலங்கள் பிரிந்துபோய் நடத்திய போர். அதன் நூற்றாண்டையொட்டி 1961 ஜூலையில் வர்ஜீனியாவின் மனாசஸில் அந்தப் போரின் முதல் பெருஞ்சண்டையை மறுபடி நடித்துக்காட்டினார்கள். அதற்குப்பின் இது ஆயிரக்கணக்கானவர்களின் வார இறுதிப் பொழுதுபோக்காகிவிட்டது. ஆண்கள் கம்பளிச் சீருடை தைத்துக் கூடாரத்தில் படுக்கிறார்கள். பெண்கள் கார்செட்டை இறுக்கி, வளையம் வைத்த பாவாடையை விரித்துப் புல்வெளியில் நடக்கிறார்கள். இதிலும் ஆசாரக்காரர்கள் உண்டு. அங்குலத்துக்கு எத்தனை தையல், அந்த வருஷத்துச் சாயமா, பித்தளைப் பொத்தான் சரியானதா என்று துருவுகிற அவர்களுக்கு 'நூல் எண்ணுகிறவர்கள்' என்றே பட்டப்பெயர். பொருந்தாத பண்டத்தை மாட்டி வருகிறவன் 'ஃபார்ப்', அதாவது போலி. நம்ம ஊர் தீட்டு மாதிரி ஒரு சொல் அங்கேயும் கெடக்குது.

இதைக் கேலி செய்யவில்லை. ஒரு சட்டைக்காக ராத்திரி கண்விழித்துக் கையால் தைக்கிறவனுக்கு உழைப்பின் மேல் ஏதோ ஒரு மரியாதை இருக்கத்தான் வேண்டும். நூலை எண்ணுகிறவர்களின் கணக்கில் எது வராமல் போகிறது என்பதுதான் என் கேள்வி.

புக்கர் டி. வாஷிங்டன் 1901ல் வெளியான தன் வரலாற்றில் ஒரு சட்டையைப் பற்றிச் சொல்கிறார். அடிமைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த முரட்டு ஆளி நார்ச் சட்டை அது. புதுசாகப் போட்டால் உடம்பெல்லாம் ஊசி குத்தும். அவருடைய அண்ணன் ஜான் அதை வாங்கித் தான் சில நாள் போட்டு, முள்ளெல்லாம் மழுங்கிய பிறகு தம்பிக்குக் கொடுப்பாராம். பொழுதுபோக்குக்காரர் எத்தனை பேர் இந்தச் சட்டையைத் தைக்கிறார்கள்? பட்டுக் கவுனுக்குக் கிடைக்கிற கை இதற்குக் கிடைப்பது அபூர்வம்.

இந்த முரட்டுத்துணி ஏழ்மையால் மட்டும் வந்ததல்ல. தென் கரோலினாவின் 1740ஆம் வருஷத்துச் சட்டம் அடிமைகள் எந்தெந்தத் துணி உடுத்தலாம் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டது. 'நீக்ரோத் துணி' என்றே ஒன்று அதில் உண்டு. அதற்கு மேலான துணி உடம்பில் இருந்தால் காவலர் பிடுங்கித் தானே வைத்துக்கொள்ளலாம். பின்னால் அந்தத் துணியை நெய்து தெற்கே அனுப்பிப் பணம் பார்த்தவை, அடிமை வைத்திருப்பது தவறென்று பேசிய வடக்கின் ரோட் தீவு ஆலைகள்.

லூசியானாவில் இன்னொரு கதை. 1786ல் ஸ்பானிய ஆளுநர் மிரோ, கறுப்பு, கலப்பினப் பெண்கள் தலைமுடியை அலங்கரித்துத் திரியக்கூடாது, துணியால் கட்டி மூடவேண்டும் என்று உத்தரவு போட்டான். சுதந்திரமான பெண்களுக்கும் சேர்த்துத்தான். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? வண்ணக் கட்டம் போட்ட துணியை எடுத்து, அவமானச் சின்னத்தையே கிரீடம்போலக் கட்டினார்கள். அந்தக் கட்டத் துணிக்கு 'மெட்ராஸ்' என்று பேர். நம்ம கரையில் தறியில் நெய்து கப்பலேறியதால் வந்த பேர் அது. நெய்த கரையில் நாம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றோம். 1930ல் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்மேல் விதித்த எட்டுத் தடைகளில் ஒன்று, ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக்கூடாது என்பது. அவர்களைக் கட்டச் சொன்னான், நம்மை அவிழ்க்கச் சொன்னான். என் தாத்தா காலத்து உடுப்பைச் 'சரித்திரச் சுத்தமாக' நான் திரும்பச் செய்வதாக இருந்தால் அதற்கு ஊசியே வேண்டியதில்லை.

இந்தப் பொழுதுபோக்கின் பெண்கள் வியந்து பார்க்கும் 1860களின் கவுன்களுக்குள் இருந்த ஒரு கை எலிசபெத் கெக்லியுடையது. 1818ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். செயின்ட் லூயிஸில் தன் ஊசியால் 17 பேருக்கு இரண்டு வருஷம் ஐந்து மாதம் சோறு போட்டதாக எழுதுகிறார். ஆண்டை வீட்டாரும் அதில் அடக்கம். தனக்கும் மகனுக்கும் விடுதலை வாங்க 1,200 டாலர் கேட்டார்கள். வாடிக்கைக்காரப் பெண்கள் கடனாகத் தந்தார்கள், 1855ல் விடுதலை. கடனைத் தைத்தே அடைத்தார். பிறகு வாஷிங்டன் போய், தென்மாநிலங்களின் தலைவனாகப் போகிற ஜெஃபர்சன் டேவிஸின் மனைவிக்குத் தைத்தார், அப்புறம் லிங்கனின் மனைவிக்கு.

1868ல் வந்த அவருடைய தன்வரலாற்றில் ஓர் இடம். போர் முடிந்த 1865ல் சிகாகோவில் ஒரு தர்மக் கண்காட்சி. பிடிபட்டபோது டேவிஸ் பெண் உடுப்பில் இருந்தான் என்று அப்போது பேச்சு. அந்த உடுப்பு என்று சொல்லி ஒன்றை மெழுகு பொம்மைக்கு மாட்டி வைத்திருந்தார்கள். கூட்டம் சிரித்தது. கெக்லி கிட்டே போய்ப் பார்த்து, இது திருமதி டேவிஸுக்கு நான் தைத்த உடுப்பல்லவா என்று கண்டுகொண்டதாக எழுதுகிறார். கூட்டத்துக்கு அது வேடிக்கை உடுப்பு. அவருக்குத் தன் கைத் தையல். சரித்திர உடுப்பைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனக் காட்சியை நான் படித்ததில்லை. அந்தப் புத்தகத்துக்காக அவரை வெள்ளைப் பத்திரிகைகள் ஏசின, கேலிப் பிரசுரம் ஒன்றும் வந்தது. தையல்காரிக்கு வாய் எதற்கு என்பதுதான் அவர்கள் ஆத்திரம்.

போர்ச் சீருடைக்கும் ஒரு கணக்கு உண்டு. 1863ல் திரண்ட மாசசூசெட்ஸ் 54ஆம் படையின் கறுப்புச் சிப்பாய்க்கு மாதம் 10 டாலர், அதில் 3 டாலர் உடுப்புக்குப் பிடித்தம். வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர், உடுப்புக்குத் தனிப்படி. மிச்சத்தை மாநில அரசு தருவதாகச் சொல்லியும் அவர்கள் சம்பளத்தையே தொடவில்லை. வாக்னர் கோட்டையில் செத்தார்கள், சம்பளம் வாங்கவில்லை. 1864ல்தான் சமச் சம்பளச் சட்டம் வந்தது. 1989ல் 'குளோரி' படம் வந்தபின் அந்த நீலச் சீருடையைத் தைத்து மாட்டும் கறுப்பர் குழுக்கள் பெருகின. அவர்கள் மாட்டுவதும் வேஷம்தான். ஆனால் தாத்தன் காசு கொடுத்த சட்டையைப் பேரன் மீட்டு மாட்டுகிற வேஷம்.

எல்லாக் கறுப்பர்களும் இதை ஏற்றார்கள் என்றில்லை. 1994 அக்டோபர் 10 அன்று வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் அடிமை ஏலத்தை நடித்துக்காட்டியபோது கறுப்பர் அமைப்புகளே எதிர்த்து நின்றன. எங்கள் வலி உங்களுக்குச் சுற்றுலாவா என்று கேட்டார்கள். அதை நடத்திய கறுப்பினத் துறையின் தலைவர் கிறிஸ்டி கோல்மன் தானே விற்கப்படும் பெண்ணாக உடுத்தி நின்றார். பார்த்தபின் எதிர்ப்பாளர் ஒருவர் மனம் மாறியதாகச் சொன்னார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வளையப் பாவாடை மட்டும் சுற்றுகிற புல்வெளியைவிட அந்த ஏலமேடை மேல் என்பது என் கட்சி.

இன்று பட்டுக் கவுன் தைத்து உடுத்தி வருகிற கறுப்பினப் பெண்களிடம் பார்வையாளர்கள் 'நீங்கள் அடிமை வேஷமா?' என்று கேட்கிறார்கள். பிலடெல்பியாவிலும் நியூ ஆர்லியன்ஸிலும் அந்தக் காலத்திலேயே பட்டுடுத்திய சுதந்திரக் கறுப்புப் பெண்கள் இருந்தது கேட்கிறவருக்குத் தெரியாது. பதில் சொல்லவே அவர்களுக்கு ஒரு பகல் போய்விடுகிறது.

லிங்கன் மனைவியின் ஊதா வெல்வெட் உடுப்பு, கெக்லி தைத்ததென்று கருதப்படுவது, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஒரே பாவாடைக்குப் பகலுக்கொரு மேலுடுப்பு, மாலைக்கொரு மேலுடுப்பு, விளிம்பில் வெள்ளை சாட்டின். படத்தில் பார்த்தேன், முன்பக்கம்தான் எடுத்திருக்கிறார்கள். எங்கப்பா இருந்திருந்தால் திருப்பிக் காட்டச் சொல்லியிருப்பார்.