கட்டளை இறங்கும் படிகள்

காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் ‘ஒரு கடத்தலின் செய்தி’ 1996இல் வெளிவந்தது. நாவலாசிரியர் தன் பழைய பத்திரிகைத் தொழிலுக்குத் திரும்பிய நூல் என்றே அதைப் பற்றிய பேச்சு தொடங்கும். மாய யதார்த்தம் எங்கே போயிற்று என்ற கேள்வியோடு முடிந்தும் விடும். இரண்டும் நூலின் மையத்தைத் தொடுவதில்லை. கடத்தப்பட்டவர்களின் துயரத்தைச் சொல்லும் நூல்கள் நிறைய உண்டு. கடத்தியவர்களுக்குள் அதிகாரம் எப்படி இறங்குகிறது, கீழ்ப்படிதல் எதனால் நிலைக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்த்தவை மிகக் குறைவு. இந்நூலை அந்த அளவுகோலில் வைத்தே எடைபோட வேண்டும்.

நிகழ்ந்தது பலரும் அறிந்தது. கொலம்பியப் போதைக் கும்பல் தலைவன் பாப்லோ எஸ்கோபாருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்படுவதுதான் பெரும் அச்சம். அதைத் தடுக்க, ‘நாடுகடத்தப்படக்கூடியோர்’ என்ற பெயரில் அவனும் கூட்டாளிகளும் 1990 ஆகஸ்ட் இறுதியிலிருந்து நவம்பர் தொடக்கத்துக்குள் பத்துப் பேரைப் பிடித்துவைத்தார்கள். முன்னாள் அதிபரின் மகளும் பத்திரிகையாளருமான தியானா துர்பாய், அவருடன் சென்ற ஐவர், ‘எல் தியெம்போ’ நாளிதழின் பாச்சோ சாந்தோஸ், முந்தைய அதிபருடைய செயலாளரின் சகோதரி மரீனா மோந்தோயா, கடைசியாக நவம்பர் 7 அன்று பொகோத்தாவில் மாரூஹா பச்சோன், அவருடைய நாத்தனார் பெயாத்ரீஸ் வில்யாமிசார். எட்டுப் பேர் உயிரோடு திரும்பினார்கள். மரீனாவும் தியானாவும் 1991 ஜனவரிப் பிற்பகுதியில் சில நாள் இடைவெளிக்குள் இறந்தார்கள். எஸ்கோபார் அவ்வாண்டு ஜூன் 19 அன்று சரணடைந்தான். நாடுகடத்தலைத் தடைசெய்ய அரசியல் நிர்ணய சபை வாக்களித்ததும் அதே நாளில்தான்.

முதலில் முறையியல். மாரூஹாவும் அவர் கணவர் அல்பெர்த்தோ வில்யாமிசாரும் 1993இல் தங்கள் அனுபவத்தை எழுதும்படி கேட்டதிலிருந்து நூல் தொடங்குகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே, இந்த ஒரு கடத்தலை மற்ற ஒன்பதிலிருந்து பிரித்து எழுத முடியாது என்பதை மார்க்கேஸ் உணர்ந்தார். எழுதியதைக் கலைத்து மறுபடி கட்டினார். அந்த மறுகட்டுமானமே நூலின் முதல் சாதனை. அத்தியாயங்கள் பெரும்பாலும் மாறி மாறி வருகின்றன: ஒன்று அறைக்குள், அடுத்தது வெளியே அமைச்சகங்களிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும். அதிபர் செசார் காவிரியா 1990 செப்டம்பரில் பிறப்பித்த 2047ஆம் ஆணை, சரணடைந்து குற்றத்தை ஒப்புக்கொள்பவர்களை நாடுகடத்துவதில்லை என்றது. அந்த ஆணையின் ஒரு வாசகம் மாறினால் நகரின் இன்னொரு மூலையில் காவல் பையனின் குரல் தணிகிறது, அல்லது தடிக்கிறது. எங்கோ எழுதப்பட்ட சொல் மெத்தையில் முடங்கிக் கிடக்கும் பெண்ணிடம் அதட்டலாக வந்து சேரும் வழியை, விளக்கவுரை எதுவும் இல்லாமல், அத்தியாய வரிசையாலேயே காட்டுகிறார். அதிகாரத்தைப் பற்றி எழுதுபவர்கள் பக்கம் பக்கமாக வாதிட்டு நிறுவுவதை இந்நூலின் அமைப்பே செய்து முடிக்கிறது.

ஆனால் அதே முறையியலில்தான் குறையின் வேரும் இருக்கிறது. சாட்சிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தவர். அறைக்குள் நடந்ததைச் சொன்னவர்கள் பிழைத்து வந்த கைதிகள். காவலர்களை நாம் பார்ப்பது கைதிகளின் கண் வழியாக. அந்தக் கண்ணுக்கும் தெரிந்தது முகமூடிதான். இதில் தவறில்லை, கிடைத்த சாட்சியை வைத்துத்தான் எழுத முடியும். எந்த வாக்கியம் யார் சொல்லி வந்தது என்பதை அழித்து, எல்லாவற்றையும் எல்லாம் அறிந்த கதைசொல்லியின் ஒரே குரலில் மார்க்கேஸ் உருக்கி வார்த்திருப்பதுதான் சிக்கல். வாசிப்பு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஒரு காவல் பையன் உண்மையில் நினைத்தது எது, அவன் நினைத்திருப்பான் என்று மாரூஹா ஊகித்தது எது என்பதைப் பிரிக்கும் கோடு மட்டும் காணாமல் போகிறது.

இந்தக் குறையைக் கணக்கில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்: மாரூஹா, பெயாத்ரீஸ், மரீனா மூவரும் அடைக்கப்பட்ட பொகோத்தா அறையைப் பற்றிய பக்கங்கள் இவ்வகை எழுத்தின் உச்சம். மூன்று பெண்களுக்குச் சேர்த்து ஒரு மெத்தை. மூடி அடைத்த சன்னல். மெத்தையை விட்டு எழக் கூடாது, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும், பேசுவதென்றால் கிசுகிசுப்பில்தான். அக்கம்பக்கத்தாருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதற்கான இந்தக் கடைசி விதி காவலர்களையும் கட்டுகிறது. மிரட்டலைக்கூட அவர்கள் கிசுகிசுத்துத்தான் சொல்ல வேண்டும். துப்பாக்கி கையில் இருப்பவன் குரலை உயர்த்த முடியாத இந்த நிலையை மார்க்கேஸ் விவரமாக மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். காவல் முறை முடியும்வரை அவர்களும் அதே அடைப்பில், அதே புகையில், அதே தொலைக்காட்சியின் முன்னால். முகமூடியும் அவர்களுக்கு இட்ட தண்டனைதான். முகம் தெரிந்துவிட்டால் அதற்கு விலை கொடுக்க வேண்டியவர்கள் இரு தரப்பிலும் உண்டு.

அந்தப் பையன்களுக்குக் குழந்தை இயேசுவிடமும் சகாய மாதாவிடமும் பக்தி. போகும் காரியம் கைகூட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். காரியம் என்பது கொலையாகவும் இருக்கலாம். பக்திக்கு அடுத்தது ரோஹிப்னால் மாத்திரை. இளம் வயதில் சாவது தீர்மானமாகிவிட்டது என்று ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அம்மாவுக்குக் கொடுக்கவும் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கவும் காசு கிடைத்தால் போதும். சாவுக்கு அஞ்சாதவனை எதைச் சொல்லிக் கீழ்ப்படிய வைப்பது? வீட்டாருக்கு நேரக்கூடியதைச் சொல்லி. இந்த விடையை மார்க்கேஸ் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அறைக்குள் அடுக்கப்பட்ட விவரங்கள் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகின்றன. இக்கும்பலின் கீழ்ப்படிதலில் கொள்கை ஏதும் இல்லை, தலைவன் மேல் பற்றும் குறைவு. கூலியும் அச்சமும் சம அளவில் கலந்த ஒன்று அது.

மார்க்கோ பெல்லோக்கியோ 2003இல் எடுத்த ‘புவோன்ஜோர்னோ, நோத்தே’ திரைப்படத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். 1978இல் இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைச் செம்படைப் பிரிவினர் 55 நாள் அடைத்துவைத்துக் கொன்றதைப் பற்றிய படம் அது. காவல் இருந்த பெண்ணின் நினைவுக்குறிப்பிலிருந்து உருவானது. அங்கே கட்டளைக்கு மறுபெயர் வரலாறு. கொலைக்கு மனம் ஒப்பாத கியாரா கனவில் மட்டுமே மோரோவை வெளியே நடக்கவிடுகிறாள், விழித்திருக்கும்போது கீழ்ப்படிகிறாள். அந்தப் பெண்ணுக்குள் நடக்கும் போராட்டம் நமக்குக் கிடைக்கிறது, ஏனென்றால் படம் காவலரின் பக்கமிருந்து புறப்படுகிறது. மார்க்கேஸிடம் அதற்கு இணையான ஒரு கியாரா இல்லை. ‘துறவி’ என்றும் ‘பரபாஸ்’ என்றும் பட்டப்பெயர்கள் இருக்கின்றன. ஒருவன் கனிவானவன், இன்னொருவன் முரடன் என்ற வேறுபாடுகளும் இருக்கின்றன. முடிவெடுக்கும் தருணத்தில் ஒருவனையாவது உள்ளிருந்து நாம் பார்ப்பதில்லை.

வாய்ப்பே இல்லையா என்றால், இருந்தது. அந்த 1990ஆம் ஆண்டிலேயே அலோன்ஸோ சலசார், எஸ்கோபாரின் ஊரான மெதெயீனின் குன்றுச் சேரிகளில் கூலிக்கொலைப் பையன்களிடமும் அவர்கள் தாய்மாரிடமும் கேட்டுத் தொகுத்த வாக்குமூலங்கள் நூலாக வந்திருந்தன. அதே ஆண்டில் விக்தோர் காவிரியாவின் ‘ரொத்ரீகோ தே’ திரைப்படம் அந்தத் தெருக்களின் பையன்களையே நடிக்கவைத்துக் கான் விழா வரை போனது; நடித்தவர்களில் சிலர் படம் வெளிவருமுன்பே கொல்லப்பட்டிருந்தார்கள். இவற்றின் பக்கத்தில் வைத்தால் மார்க்கேஸின் காவலர்கள் கூர்மையாகத் தீட்டப்பட்ட மாதிரிகளாகத்தான் தெரிகிறார்கள். சலசாரிடம் ஒருவன் தன் கதையைத் தானே சொல்கிறான். இங்கே ஒரு தலைமுறையைப் பற்றிய அபாரமான ஒரு பத்தி எழுதப்பட்டிருக்கிறது. நூலின் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படும் மாரூஹாவின் ஓட்டுநருக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுதான். பெயர் பெற்றவர்களின் கதையில் பெயர் பெறாதவர்களுக்குச் சில வரி. மார்க்கேஸ் போன்ற எழுத்தாளரிடம் இதைக் குறையென்று சொல்லத் தயங்கக் கூடாது.

இனி மரீனாவின் சாவு. ஜனவரியில் எஸ்கோபாரின் ஆட்களான பிரிஸ்கோ சகோதரர்கள் போலீஸாரால் கொல்லப்படுகிறார்கள். பழிக்குக் கைதிகளைக் கொல்வோம் என்று அறிவிப்பு வருகிறது. ஓர் இரவு காவலர்கள் மரீனாவைக் கிளம்பச் சொல்கிறார்கள். கொல்லப் போவதில்லை என்கிறார்கள். ரோஜா நிற விளையாட்டு உடை, காலில் ஆண்களின் காலுறை. முகமூடியைப் பின்பக்கம் திருப்பி மாட்டுகிறார்கள், கண்துளைகள் பிடரிக்குப் போய்விட, அவருக்கு எதுவும் தெரிவதில்லை. அதன் பிறகு அறையிலிருந்து தொலைக்காட்சியும் வானொலியும் எடுத்துச் செல்லப்படுகின்றன, மற்ற இருவரும் செய்தி அறிந்துவிடக் கூடாது என்பதற்காக. நகரின் வடக்கே ஒரு வெற்று மனையில் கிடைத்த உடல், நகங்கள் சீராகப் பேணப்பட்டிருந்த ஒரு பெண்ணின் உடல், பெயர் தெரியாததாகப் பொதுக்குழிக்குப் போனது.

இந்தப் பக்கங்களில் மார்க்கேஸ் ஒரு சொல்லைக்கூட உயர்த்தவில்லை. மாதக்கணக்கில் மரீனாவோடு ஒரே காற்றைச் சுவாசித்த பையன்கள், அவரிடம் பிள்ளைபோல ஒட்டிக்கொண்டவர்களும் சேர்ந்துதான், அவரைத் தயார்செய்து அனுப்புகிறார்கள். பாசம் இருந்தது, அது எதையும் தடுக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றையொன்று மறுக்கவிடாமல் ஒரே காட்சியில் நிறுத்துவது எளிதான காரியம் அன்று. கைதிக்கும் காவலருக்கும் இடையே வளரும் நெருக்கத்தைக் காட்டி வாசகனை உருக்கும் எத்தனையோ கடத்தல் கதைகள் தவறுவது இங்கேதான், மார்க்கேஸ் தவறவில்லை.

ஆனால் கட்டளை அறைக்குள் வந்து சேர்ந்த வழி? எஸ்கோபாருக்கும் காவல் பையனுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. அவ்வப்போது வந்துபோகும், ‘டாக்டர்’ என்று அழைக்கப்படும் மேலாள். விடுதலை நெருங்கிவிட்டது என்பான், பிறகு இல்லை என்றாகும். அவன் வரும்போது பையன்கள் வேறு ஆட்களாகிறார்கள். அதிகாரத்தைப் பற்றிய எந்த ஆய்வுக்கும் இந்த நடுப்படிதான் திறவுகோல். மேலே இருப்பவன் கொல்லச் சொல்லலாம், கீழே இருப்பவன் கொண்டுபோய் விடலாம். இருவருக்கும் நடுவில் நின்று, மூன்று பெண்களில் மரீனாவைச் சுட்டி, நேரம் குறித்து, வண்டி அனுப்பியவன் யார் என்பதை நூல் துருவுவதில்லை. அவனுக்குக் கிடைத்திருப்பது சில பக்கங்கள். வெளி உலகப் பேரங்களுக்கோ, கும்பல் தரப்பு வழக்கறிஞர் கீதோ பார்ராவின் ஒவ்வொரு பயணமும் உட்பட, நூலின் பாதி. எடையிடலில் இது பெரிய பிழை. பேரத்தின் விவரங்கள் காலத்தோடு மங்கிவிட்டன. நடுப்படி மனிதன் எழுதப்பட்டிருந்தால் இன்றும் மங்கியிருக்கமாட்டான்.

தியானாவின் முடிவைக் கையாண்ட விதத்தில் இக்குறை இல்லை. மீட்க ஆயுதத்தோடு போக வேண்டாம் என்று அவர் தாய் நீதியா கின்தேரோ அதிபரிடமே மன்றாடியிருந்தார். ஜனவரி 25 அன்று போலீஸ் நடவடிக்கையின்போது தியானா சுடப்பட்டார். குண்டு யாருடையது என்பதில் மார்க்கேஸ் தீர்ப்பு எழுதவில்லை. போலீஸின் வாதத்தையும் தாயின் குற்றச்சாட்டையும் அடுத்தடுத்து வைக்கிறார். கட்டளைச் சங்கிலி அரசிடமும் இருக்கிறது, அங்கும் நடுவில் ஒருவர் முடிவெடுக்கிறார் என்பது இந்த இடத்தில் வெளிச்சமாகிறது. அரசின் சங்கிலியை இவ்வளவு கண்டிப்போடு பின்தொடர்ந்தவர் கும்பலின் சங்கிலியில் பாதியில் நின்றுவிடுவது ஏமாற்றத்தைக் கூட்டுகிறது.

எஸ்கோபாரை மேடைக்கு வெளியிலேயே நிறுத்தியது கலைத்திறன். கடிதங்களாக, அறிவிப்புகளாக, பிறர் வாயில் அடிபடும் பெயராக மட்டுமே பெரும்பகுதி நூலில் அவன் உலவுகிறான். காணாமல் இருப்பதே அவன் பலம். கடைசியில் இடைநின்று பேசிய பாதிரியார் கார்சியா எர்ரேரோஸும் வில்யாமிசாரும் உடனிருக்க, சரணடையும் காட்சியில் அவன் நேரில் வந்து துப்பாக்கியை ஒப்படைக்கிறான். அங்கிருந்து நூலின் குரல் இளகுகிறது. வில்யாமிசாரிடம் அவன் காட்டும் மரியாதை, தன் செயலுக்குச் சொல்லும் நியாயம் எல்லாம் இடையீடின்றி பதிவாகின்றன. பதிவு செய்வதில் குற்றமில்லை. ஆனால் 1986இல் வில்யாமிசாரையே கொல்ல நடந்த முயற்சியையும் வெற்று மனையில் கிடந்த மரீனாவையும் நினைவில் வைத்திருக்கும் வாசகனுக்கு, இந்த நாகரிகமான உரையாடலின் பக்கத்தில் எதிர்வாக்கியம் ஒன்று வேண்டியிருக்கிறது. அது இல்லை. தலைவனை அருகில் கண்டதும் அந்த நாட்டு உயர்குடியினர் பலருக்கு வந்த மயக்கம் ஆசிரியரையும் சற்றே தொட்டிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

கீழ்ப்படிதலைப் பற்றி முதல் தர நூல், அதிகாரத்தைப் பற்றிப் பாதி நூல் என்பதே என் மதிப்பீடு. மெதெயீனின் வன்முறையைப் பற்றிய நூல்களில் சலசாருக்கு ஒரு படி கீழும், பேரத்தையும் தலைவனின் சாகசத்தையும் மட்டும் எழுதிய பத்திரிகை நூல்களுக்குப் பல படி மேலும் இதை வைப்பேன். இந்த வரிசையை மறுப்பவர்களுக்கு நூலின் கடைசிப் பக்கங்களையே சுட்டுவேன். சிறைவைத்தவர்கள் மாரூஹாவிடமிருந்து வாங்கிக்கொண்ட மோதிரம், எல்லாம் முடிந்த பிறகு, எஸ்கோபாரின் பக்கமிருந்து வீடு தேடி வந்து சேர்கிறது. அழகான முடிப்பு. ஆனால் மோதிரம் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். பொகோத்தாவின் ஒரு வீட்டில் வாங்கப்பட்ட சிறு பொருள், கைமாறிக் கைமாறிப் போனது, திரும்ப வருகிறதென்றால், நடுவிலிருந்த ஒவ்வொரு கையும் மேலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு அசைந்திருக்கிறது; யாரிடம் எது இருந்தது என்பது மேலிடத்துக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு துல்லியமாக ஒரு சொல் இறங்கக்கூடிய அமைப்பில், மரீனாவைக் கிளம்பச் சொன்ன சொல் யார் யார் வாய் வழியாக இறங்கியது என்பதும் கேட்டு அறியக்கூடியதே. மார்க்கேஸ் மோதிரத்தோடு நூலை முடித்துக்கொள்கிறார்.