மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்!

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் அளந்தால் 400 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு அளந்து பாருங்கள், சுமார் 355தான்! சென்னையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், நூல் பிடித்தாற்போல வடக்கும் தெற்குமாக இருக்கின்றன. கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம். அங்கேயும் நம்ம நேரம்தான்.

இவ்வளவு பக்கத்து ஊருக்கு எப்படிப் போய்க்கொண்டிருந்தோம்? யாழ்ப்பாணத்தையும் தாண்டி, மொத்தம் சுமார் 650 கிலோமீட்டர் பறந்து கொழும்பில் இறங்கி, பிறகு பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறி மறுபடி 400 கிலோமீட்டர் வடக்கே வருவோம். பகல் முழுக்கப் போய்விடும். இத்தனைக்கும் 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் விமான நிறுவனம் தன் முதல் சேவையைத் தொடங்கியதே கொழும்புப் பக்கத்து இரத்மலானையிலிருந்து, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாக மதராசுக்குத்தான்! போர்க் காலத்தில் அறுந்த அந்தத் தொடர்பு, 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னை விமானம் இறங்கியபோதுதான் மீண்டும் ஒட்டியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது.

பயணம் ஒன்றேகால் மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. காற்றாடி சுழலும் ஏடிஆர் விமானம். பெரிய ஜெட் இல்லையே என்று முகம் சுளிக்காதீர்கள், சுகமே அதில்தான் இருக்கிறது! இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலுக்குக் கீழே மறைப்பே கிடையாது. சோழமண்டலக் கரை முழுவதும் கூடவே வருகிறது: புதுச்சேரி, கடலூர், பிச்சாவரத்துப் பச்சை, நாகப்பட்டினம். அப்புறம் வேதாரண்யத்து உப்பளங்கள் கட்டம் கட்டமாக வெயிலில் பளபளக்கும். கோடியக்கரையில் நிலம் முடிகிறது. நமக்குப் பள்ளிக்கூட வரைபடத்தில் மட்டுமே தெரிந்த அந்த மூக்கு, அச்சு அசலாகக் கண்ணெதிரே! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அங்கிருந்து பாக்கு நீரிணை. ஆழமில்லாத கடல்; நீலமும் பச்சையும் மாறி மாறி வருகின்றன. ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் எதிர்க்கரை வந்துவிடுகிறது. பக்கத்து இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா என் தோளைத் தட்டி, “அங்கை பாருங்கோ தம்பி, கீரிமலைப் பக்கம் தெரியுது” என்றார். “முந்தி கொழும்பாலை சுத்தி வர ரெண்டு நாள் போயிடும். இப்ப காலமை வெளிக்கிட்டா மத்தியானச் சாப்பாடு வீட்டிலை.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்!

கீழே பனங்கூடல்கள், செம்மண் தோட்டங்கள், வெங்காயப் பாத்திகள். இறங்கி வெளியே வந்தால் பெயர்ப் பலகையிலும் தமிழ், ஆட்டோக்காரர் வாயிலும் தமிழ்.

திருச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் கொண்டாட்டம். 2025 மார்ச்சில் அங்கிருந்தும் நேரடி விமானம் தொடங்கியது. வான்வழியில் 200 கிலோமீட்டர்கூட இல்லை.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் பகல் நேர விமானமாகப் பார்த்துப் பிடியுங்கள். போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம். கூடுதலாக நூறு இருநூறு கேட்டாலும் யோசிக்காமல் கொடுத்து அந்த இருக்கையை வாங்கிவிடுங்கள்!