894.811: அலமாரியில் அயோத்திதாசர் எங்கே?

நமது கல்லூரி நூலகங்களில் தமிழ் இலக்கியம் பெரும்பாலும் 894.811 என்ற எண்ணில்தான் கிடக்கிறது. 1876இல் அமெரிக்காவில் மெல்வில் டூயி உண்டாக்கிய தசமப் பகுப்பு இது. அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கில இலக்கியத்துக்கு 820 என முழுசு முழுசாக ஒதுக்கீடு. சமஸ்கிருதம் 891.2, இந்தி 891.43. நாமோ 894இல் துருக்கி, ஹங்கேரி, பின்லாந்து மொழிக்காரர்களோடு ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறோம். 1850களில் மாக்ஸ் முல்லர் ‘துரானியம்’ என்றும் கால்டுவெல் ‘சிதியம்’ என்றும் பேசிய சொல்லாடலின் வாடை இதில் அடிக்கிறது. மொழியியல் அந்த மூட்டையை எப்போதோ அவிழ்த்துப் போட்டுவிட்டது. புத்தக முதுகில் ஒட்டிய எண் அதுபாட்டுக்கு இருக்கிறது. உள்ளூர் இலக்கியத்தை 810இல் வைத்துக்கொள்ளலாம் என்று டூயி முறையே ஒரு சலுகை தருகிறது. நான் பார்த்த நூலகங்களில் எவரும் அதைத் தொட்டதில்லை.

இதற்கு மாற்றாக எஸ்.ஆர். ரங்கநாதனைச் சொல்வார்கள். கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரம் வருவதற்கு முன்னால், பட்டணத்துக்குள் இருந்த காலத்தில் அங்கே கணிதம் படித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பில் இடத்தைக் குறிக்கும் எண்களில் 2 என்பது ‘தாய்நாடு’. எந்த நாட்டு நூலகமானாலும் அந்த நாடுதான் 2. லண்டன் மையத்தை ஒரே எண்ணில் கலைத்துவிட்டார் மனுஷன், நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த 2க்குள்ளே சேரி எங்கே, அக்ரகாரம் எங்கே? என் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

அயோத்திதாசர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார், 1914இல் இறந்தார். அவரது எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பாகப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது 1999இல். நடுவே 85 வருஷம். இத்தனை காலமும் தமிழாய்வு நடக்காமலா இருந்தது? இப்போது தொகுதிகள் கையில் இருக்கின்றன. எங்கே வைப்பது? பௌத்தம் என்றால் 294.3. குறளுக்கு உரை என்றால் 894.811. மருத்துவம் என்றால் 610. வரலாறு என்றால் 954. அவரது வாதமே இவையெல்லாம் ஒன்று என்பதுதான்: பூர்வ பௌத்தர்களின் மொழி, மருந்து, பண்டிகை, சரித்திரம் எல்லாம் ஒரே உடம்பு. பகுப்புமுறை அந்த உடம்பைக் கூறுபோட்டால்தான் அலமாரியில் ஏற்றும். இது டூயிக்கும் பொருந்தும், ரங்கநாதனுக்கும் பொருந்தும்.

தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதர் பெயர். தினமும் ஜனங்கள் அங்கே சீட்டு வாங்க நிற்கிறார்கள். தமிழ் எம்.ஏ. படிக்கும் ஒரு பையன் என்னிடம் கேட்டான்: “அவரு டாக்டரா சார்?” வைத்தியர்தான், பொய்யில்லை. ஆனால் பெயர்ப்பலகைக்கு வந்தவர் பாடத்திட்டத்துக்கு வராததால்தானே அந்தக் கேள்வி. எனக்குப் பழக்கமான ஒரு நூலகத்துக் கம்ப்யூட்டரில் ரோமன் எழுத்தில்தான் தேட வேண்டும். ‘இயோதீ தாஸ்’ என்று அடித்தால் ஒன்று வருகிறது, ‘அயோத்திதாஸ்’ என்று அடித்தால் வேறொன்று, ‘அயோத்திதாசர்’ என்றால் ஒன்றுமே இல்லை.

1968இல் நைரோபியில் கூகி வா தியாங்கோவும் நண்பர்களும் ஆங்கிலத்துறையை ஒழி, ஆப்பிரிக்காவை மையத்தில் வை என்று கேட்டார்கள். இங்கே மையத்தில் வைக்க ஏற்கெனவே ஆள் தயாராக நிற்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, 2023இல் யு.ஜி.சி. வழிகாட்டுதல் என்று ‘இந்திய அறிவு மரபு’ வந்தாகிவிட்டது. காலனிய நீக்கம் என்று அதற்கும் பெயர். வெள்ளைக்காரனை இறக்கிய நாற்காலியில் வேதத்தை உட்கார வைப்பதை அந்தப் பெயரால் அழைக்க நான் தயாரில்லை.

தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஒருவர் சேர்த்த புத்தகங்கள். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே விட்டுவைத்தது. (அமெரிக்கப் பணம்தான். நம் பல்கலைக்கழகங்கள் எங்கே போயிருந்தன என்று யாராவது எழுதினால் தேவலை.) தாம்பரத்திலிருந்து ஒன்றும் தூரமில்லை. முதலாண்டு மாணவர்களை ஒருநாள் அங்கே கூட்டிப்போக எந்தத் துறைக்கும் ஆட்சிக்குழுத் தீர்மானம் தேவையில்லை. அதேபோல, அடுத்த பருவத்துப் புத்தகப் பட்டியல் கேட்டு நூலகர் சுற்றறிக்கை அனுப்பும்போது அயோத்திதாசர் தொகுதிகளில் மூன்று பிரதி கேளுங்கள். பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் பதியச் சொல்லுங்கள். 294.3இல் தொகுதிகளை வைத்துவிட்டு, 610இலும் 894.811இலும் ஒரு மரக்கட்டையில் ‘இதையும் பார்க்க’ என்று எழுதி நிறுத்தச் சொல்லுங்கள்.